குடுவைச் செடிக்கு உரம் வைத்த கதை

தம்பி,

போன வாரம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போன் நின்றுபோனதற்கு வெள்ளிமலை சிக்னலைத் திட்டியிருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் வைத்தேன். "அப்பா அம்மா ஸ்தானத்துல சித்தப்பாவும் சித்தியும் மணையில உக்காரட்டும்மா, கேட்டேன், சந்தோஷமா ஒத்துக்கினாரு" என்று நீ சொன்னாய். பத்திரிகையிலும் அப்படித்தான் போடப்போகிறோம் என்றாய். குரலில் அவ்வளவு பூரிப்பு. அதற்கு மேல் நான் வாயைத் திறந்திருந்தால் கல்யாண மாப்பிள்ளை காதில் விழக்கூடாத வார்த்தை விழுந்திருக்கும். அதனால் வைத்தேன். அதற்குப் பிறகு நீ எத்தனையோ தடவை கூப்பிட்டாய், எடுக்கவில்லை. நடுவில் எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. அது முந்தாநாள் முடிந்தது. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதினால் நிதானமாக வரும் என்று நினைத்தேன். வராவிட்டால் பொறுத்துக்கொள்.

எனக்கும் உன் சித்தப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லாததற்கு ஏதோ சொத்துத் தகராறு என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன் அப்பா பக்கத்து ஆள் ஒருத்தராவது உனக்கு இருக்கட்டும், உன்னை ஸ்கூட்டரில் வைத்துச் சுற்றட்டும், பரீட்சையில் பாஸானால் பேனா வாங்கித் தரட்டும் என்று இருந்தேன். ஆனால் அவன் வாங்கித் தருகிற பேனா வேறு, உன் அப்பாவின் இடம் வேறு. ஆமாம், 'அவன்' என்றுதான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் மோகனுக்கு இனிமேல் மரியாதை கிடையாது. உனக்கு அது கஷ்டமாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கஷ்டப்படு.

நான் கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூர்ப் பக்கம் ஒரு பெரிய நர்சரியில் வேலை செய்தேன் என்பது உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லோரும் கட்டட வேலைக்குத்தான் அங்கே போனார்கள். எனக்குச் சிமெண்ட் ஒத்துக்கொள்ளாமல் கையெல்லாம் வெடித்துப்போனதால் செடி வேலைக்கு அனுப்பினார்கள். அங்கேதான் குடுவைச் செடியை முதலில் பார்த்தேன். இலை நுனியிலிருந்து ஒரு கொடி இறங்கி, அதன் முனையில் மூடி போட்ட ஜாடி மாதிரி தொங்கும். உள்ளே கொஞ்சம் தண்ணீர். தேனுக்கு ஆசைப்பட்டு விளிம்பில் வந்து உட்கார்கிற எறும்பும் ஈயும் வழுக்கி உள்ளே விழுந்தால் மேலே ஏற முடியாது. செடி அதைத் தின்றுதான் வாழ்கிறது. கல்யாணமாகி வரும்போது அந்த நர்சரி அம்மா ஆசையாய் இரண்டு துண்டு வெட்டி ஈரப் பாசியில் சுற்றிக் கொடுத்தார்கள். என் சீர்வரிசையில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

உன் அப்பா அப்போது கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். கீழே வெயில் ஜாஸ்தி, செடிக்கு ஆகாது என்று நான் சொன்னதற்காகவே மலைமேல் வீடு பார்த்தார். பக்கத்து வீட்டுப் பொன்னுசாமி அண்ணன் தன் கொல்லை ஓரத்தில் பச்சை வலைக் கூடாரம் போட இடம் விட்டார். அவர் சம்சாரம் வெள்ளையம்மா அக்காவை உனக்குத் தெரியும், நீ அவர்கள் மடியில்தான் வளர்ந்தாய். முதல்நாள் நான் தொட்டி நிரப்புவதைப் பார்த்துவிட்டு அந்த அக்கா அசந்துபோனார்கள். "இன்னா தங்கச்சி, மண்ணே போடல? சாணி எரு வேணுமா, எங்க வூட்ல மல மாரி கெடக்குது, அள்ளிக்கோ" என்றார்கள். "எரு போட்டா செத்துடும்க்கா" என்றேன். "எரு போட்டா சாவுற செடியா? அத்த எந்த ஊர்ல பெத்தாங்க?" என்று வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அந்தச் செடியின் குணமே அதுதான். சத்தே இல்லாத சதுப்பிலும் பாறை இடுக்கிலும் பிறந்தது. மண்ணில் கிடைக்காததைத்தான் பூச்சியிடம் தேடுகிறது. அதன் வேர் தலைமுடி மாதிரி மெல்லிசு, கறுப்பு, தொட்டால் ஒடியும். அந்த வேருக்குச் செம்மண்ணும் ஆகாது, வண்டலும் ஆகாது, உரம் என்றால் விஷம். தேங்காய் மட்டையைத் துண்டு துண்டாக நறுக்கி, உப்பு போகும்வரை மழைத்தண்ணீரில் ஊறவைத்து ஊறவைத்துக் கொட்ட வேண்டும். அதோடு ஓடைக்கரைப் பாசி, கொஞ்சம் அடுப்புக்கரி, கிடைத்தால் நர்சரிக் கடையில் விற்கிற லேசான வெள்ளைப் பொரிக்கல். அவ்வளவுதான். தண்ணீர் நிற்கவும் கூடாது, காயவும் கூடாது. போர் தண்ணீர் ஊற்றவே கூடாது, அதில் இருக்கிற உப்பு வேரில் படிந்துவிடும். உன் அப்பா கூரைத் தகரத்தில் வழிகிற மழைத்தண்ணீரைப் பிடிக்க டிரம் டிரம்மாக வாங்கி வைத்தார். ஜீப்பில் சவாரியோடு சவாரியாகத் தேங்காய் மட்டை மூட்டையும் ஏறி வரும். "இன்னா டிரைவரே, மட்டைக்கும் டிக்கெட் போடுவியா?" என்று பயணிகள் கிண்டல் பண்ணினால், "அதுதான் ஓனரம்மா, நீங்கதான் ஓசி" என்பார். நடக்கத் தெரிந்ததுமே நீ எறும்பு பிடித்துக்கொண்டு வந்து ஜாடிக்குள் போடுவாய். போட்டுவிட்டு மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, "தின்னுச்சா, தின்னுச்சா?" என்று கேட்பாய்.

இரண்டு துண்டு கூடாரம் நிறையப் பெருகியது. ஏற்காட்டிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் செடிப் பைத்தியங்கள் தேடிக்கொண்டு வருவார்கள். அப்படி இருக்கும்போதுதான், நீ ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த வருஷம், மழைக்காலத்தில் மலைப்பாதை வளைவில் ஜீப் கவிழ்ந்தது. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இந்தக் கடிதம் வேறு கடிதமாகிவிடும்.

அவர் போன பிறகும் நான் மலையிலேயே இருந்தேன். செடி அங்கே இருந்தது, உன் பள்ளிக்கூடம் அங்கே இருந்தது, வேறெங்கே போவது? தியாகதுருகத்தில் உரக்கடை வைத்திருந்த மோகன் அடிக்கடி மேலே வந்து போவான். உன்னைத் தூக்கிக் கொஞ்சுவான். கூடாரத்துக்குள் நின்று செடிகளைப் பார்ப்பான். அந்தச் சமயத்தில் பாண்டிச்சேரியில் புதிதாக ஒரு ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தவர் வந்தார். முன்கூடம் முழுக்கக் குடுவைச் செடி தொங்க வேண்டும், இருக்கிற அத்தனையும் எனக்குத்தான், ஓட்டல் திறந்த பிறகும் மாற்றுச் செடி நீங்கள்தான் தர வேண்டும் என்று என்னிடம் பேசிவிட்டுப் போனார். அவர் பேசும்போது மோகன் கூடவே நின்றான். அவன் முகத்தை நான் கவனித்திருக்க வேண்டும். கொழுந்தன் முகத்தில் என்ன பார்ப்பது என்று இருந்துவிட்டேன்.

உன் அப்பாவின் முதல் வருஷ தெவசம் களமருதூரில் உன் தாத்தா வீட்டில் நடந்தது. சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தார்கள். படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது மோகன் எழுந்து நின்றான். அழுதுகொண்டே பேசினான், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "அண்ணன் போய் வருஷந்தான் ஆவுது. சொல்ல வாய் கூசுது. அண்ணி மலையில பொன்னுசாமி கூட இருக்கறதா பஸ்ஸுல கூட பேசிக்கினு போறாங்க. என் காதால கேட்டேன். எங்கண்ணன் புள்ள அந்த வூட்ல வளரணுமா?" என்றான்.

நான் உன் தாத்தாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். உன் சித்தி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "மாமா, நீங்க என்னக் கேளுங்க. எம்மேல ஆணையா சொல்றேன், அந்தண்ணன் என் கூடப்பொறந்தவரு மாதிரி" என்றேன். அவர் என்னைக் கேட்கவே இல்லை. "பையன் இங்கயே இருக்கட்டும். நீ மலைக்கிப் போறதுன்னா தனியா போ" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு. அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'ஏம்மா, இது நெசமா?' என்று கேட்டிருந்தால் கூடப் போதும். நான் சொன்னதை நம்பியிருக்க வேண்டாம். கேட்டிருந்தால் போதும்.

உன்னை விட்டுவிட்டு என்னால் போக முடியுமா? களமருதூரிலேயே தங்கினேன். நெல் அறுப்புக்குப் போனேன். மோகன் அடுத்த வாரமே ஒரு மினி லாரி எடுத்துக்கொண்டு மலைக்குப் போய், "குடும்பச் சொத்து" என்று சொல்லி அத்தனை செடியையும் ஏற்றிக்கொண்டு வந்தான். தடுக்க வந்த பொன்னுசாமி அண்ணனைப் பார்த்து, "உனக்கும் அவுங்களுக்கும் இன்னாய்யா சம்மந்தம்? வெளிய சொல்லட்டுமா?" என்று கேட்டிருக்கிறான். அண்ணன் அப்படியே ஒதுங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கள்ளக்குறிச்சி சந்தைக்கே இறங்கவில்லை. கேலி பேசுகிறார்கள் என்று, விளைந்த சாமையையும் கடுக்காயையும் மேலேயே வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். இதெல்லாம் வெள்ளையம்மா அக்கா ஒருநாள் களமருதூர் வரைக்கும் வந்து வயல் வரப்பில் உட்கார்ந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். "நான் ஒன்னிய சந்தேகப்படல தங்கச்சி. அத்தச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தேன்" என்றார்கள். என் சொந்தக்காரர்கள் யாரும் செய்யாததை அவர்கள் செய்தார்கள்.

மோகன் செடிகளைக் கடைக்குப் பின்னால் வலை கட்டி வைத்தான். அவன் உரக்கடைக்காரன் இல்லையா? மட்டையும் கரியும் பாசியும் கிடந்த தொட்டியைப் பார்த்ததும் அவனுக்குப் பரிதாபமாகப் போய்விட்டது. இந்தப் பொம்பளைக்கு ஒன்றும் தெரியாது, பட்டினி போட்டு வளர்த்திருக்கிறாள் என்று எல்லாவற்றையும் பிடுங்கிக் கொட்டினான். செம்மண், ஏரி வண்டல், மக்கிய எரு, மேலே கொஞ்சம் டி.ஏ.பி. உரம் எல்லாம் கலந்து புதுத் தொட்டியில் வைத்தான். கடை போர் தண்ணீரையே ஊற்றினான். முதலில் செடி பச்சைப் பசேல் என்று இலை விட்டது. அப்புறம் இலை நுனியில் வருகிற கொடி கருக ஆரம்பித்தது. பழைய ஜாடிகள் காய்ந்து விழுந்தன. புது ஜாடி ஒன்று கூட வரவில்லை. ஓட்டல்காரரை அவன் தன் கடைக்கு வரச் சொல்லியிருந்தான், அந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் களமருதூருக்கு என்னைத் தேடி வந்தான். நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். நீ அவனைப் பார்த்ததும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாய்.

"அண்ணி, செடி எல எலயா வுட்டுக்கினு போவுது. ஜாடியே வரல. இன்னா பண்றது?"

"எலை எப்படி இருக்குது?"

"நல்லா பெருசா இருக்குது. நுனி மட்டும் கருவுது. மண்ணெல்லாம் நல்ல மண்ணாத்தான் போட்டிருக்கறேன். உங்க தொட்டியில ஒண்ணுமே இல்லியே அண்ணி."

அவன் சொல்லச் சொல்ல எனக்கு அந்தத் தொட்டி கண்ணில் தெரிந்தது. வேர் வெந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது. அன்றைக்கே பிடுங்கி, மழைத்தண்ணீரில் அலசி, பாசியில் வைத்தால் பாதிக்கு மேல் பிழைத்துக்கொள்ளும் என்பதும் தெரிந்தது. அவை என் செடிகள், தம்பி. உன் அப்பா மட்டை சுமந்து, நீ எறும்பு போட்டு, நான் ஒவ்வொன்றுக்கும் துண்டு வெட்டி வேர் பிடிக்க வைத்த செடிகள். பெங்களூரிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்த அந்த முதல் இரண்டும் அதில்தான் இருந்தன. சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் வாய் வரைக்கும் வந்தது. அப்போது அவன் சொன்னான்: "ஓட்டல்காரர் வர்றதுக்குள்ள ஜாடி வந்துடணும் அண்ணி. என் பேருதான் ஓட்டல் போர்டுல போடப்போறாரு."

நான் முறத்தைக் கீழே வைத்தேன். "எல வருது, ஜாடி வரலன்னா பலம் பத்தலன்னு அர்த்தம். எலைக்கே சத்து சரியாப் போவுது. இன்னும் ஜாஸ்தியாப் போடுங்க. உங்க கடையிலயே இல்லாததா?" என்றேன்.

"அவ்ளோதானா அண்ணி?" என்றான். எவ்வளவு நிம்மதி அவன் முகத்தில்! அவனுக்கு அது நியாயமாகத் தோன்றியது, ஏனென்றால் அவன் வாழ்நாள் முழுக்க எல்லா விவசாயிக்கும் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அதுதான். வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான். யூரியா, புண்ணாக்குக் கரைசல், இலையில் அடிக்கிற டானிக், எல்லாவற்றையும் வைத்தான்.

ஓட்டல்காரர் வந்த அன்றைக்கு நானும் தியாகதுருகம் போனேன். உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். நீ உர மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாய். உனக்கு ஞாபகம் இருக்காது. கடையில் மருந்து வாங்க வந்த விவசாயிகள் நின்றிருந்தார்கள். பின்னால் வலைக்குள் கறுத்துப்போன குச்சிகள்தான் நின்றன, தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. ஓட்டல்காரர் ஒரு குச்சியை ஒடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா என்னை வரச் சொன்னீங்க?" என்றார். மோகன் என்னைக் கைகாட்டி, "இவுங்கதான் சொன்னாங்க, உரம் போடச் சொல்லி" என்றான்.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றேன். எல்லோரும் கேட்கிற மாதிரி சத்தமாகவே சொன்னேன். "இந்தச் செடிக்கு உரமே ஆகாது. அது எனக்குத் தெரியும். சாவட்டும்னுதான் சொன்னேன்."

"உங்க செடிதானே அண்ணி! உங்க கையால வளத்ததுதானே!" என்றான். அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை.

"என் செடிதான்டா. என்னால செத்ததா இருக்கட்டும். உங்கிட்ட ஒண்ணு கூட வாழக்கூடாது. எம்மேல நீ சொன்னது பொய்னு உனக்குத் தெரியும். இந்தச் செடிக்காவ சொன்ன. இப்ப வச்சிக்கினு பாத்துக்கினு இரு."

ஓட்டல்காரர் காரில் ஏறிப் போய்விட்டார். நின்றிருந்த விவசாயி ஒருத்தர் வாங்கின மூட்டையைத் திருப்பி வைத்துவிட்டு, "தொட்டிச் செடியவே காப்பாத்தத் தெரியல, எங்க கரும்புக்கு யோசனை சொல்றாரு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து அவன் கடைக்கு ஜாடிக்கடை என்று பேர் விழுந்தது. சித்தப்பா கடையை ஏன் ஜாடிக்கடை என்கிறார்கள் என்று நீ சின்ன வயதில் என்னிடம் கேட்டிருக்கிறாய். உர டப்பாவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று சமாளித்தேன். அது அவனுக்கு நான் வைத்த பேர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். அவனுக்காகவோ எனக்காகவோ அழவில்லை, செடிக்காக அழுதேன். நீ என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "கண்ணு வலிக்குதாம்மா?" என்றாய். ஆனால் மறுபடியும் அதே முறத்தோடு நான் உட்கார்ந்திருக்க, அவன் அதே கேள்வியைக் கேட்டால், அதே பதிலைத்தான் சொல்வேன். இதைத் தப்பு என்று ஒத்துக்கொள்வதற்காக எழுதுகிறேன் என்று நினைக்காதே. மன்னிப்பதுதான் பெரிய மனசு என்று நீயும் சொல்லாதே. நிறைய பேர் சொல்லிவிட்டார்கள். அவர்களில் யார் மேலும் யாரும் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை.

அதற்கு மேல் களமருதூரில் இருக்க முடியவில்லை. உன் தாத்தா உன்னை விடமாட்டேன் என்றார். "கேஸ் போடுவேன் மாமா, அங்க வந்து உங்க மவன் அழுதுக்கினே இதே கதைய சொல்லட்டும்" என்றேன். விட்டுவிட்டார். கள்ளக்குறிச்சியில் ஒரு அறை எடுத்து, ரோஜாவும் குரோட்டன்ஸும் விற்கிற நர்சரியில் வேலைக்குச் சேர்ந்தேன். மிச்சம் உனக்கே தெரியும். உன் பள்ளிக்கூட வாசலுக்கு பிஸ்கட்டோடு மோகன் வர ஆரம்பித்தான். குற்ற உணர்ச்சியா, பாசமா, எனக்குத் தெரியாது. பாசமாகவே இருக்கட்டும். உன் மேல் அவனுக்குப் பாசம் இருப்பதை நான் இல்லை என்று சொல்லவில்லை. நீ காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதும் நான் மறுபடி மலை ஏறினேன். பெங்களூர் நர்சரியில் என்னோடு வேலை பார்த்த சிநேகிதி புதிதாகத் துண்டு அனுப்பினாள். பொன்னுசாமி அண்ணன் அப்போது உயிரோடு இல்லை. காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தார். கூடாரக் கம்பங்களை மட்டும் யாரையும் பிடுங்க விடாமல் வைத்திருந்திருக்கிறார். "அந்தப் பொண்ணு ஒருநாள் வரும்" என்றாராம். வெள்ளையம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டார்கள். "செடி வந்துடுச்சி. நீயும் வந்துட்ட. எம் புருசன் மேல சொன்ன சொல்ல யாரு தங்கச்சி எடுப்பாங்க?"

உன் போன் வந்த அன்றைக்குத்தான் அதற்குப் பதில் கிடைத்தது.

மோகன் எப்படியும் என்னைத் தேடி வருவான் என்று காத்திருந்தேன், முந்தாநாள் வந்தான். பஸ்ஸில் வந்தான், இப்போது ஸ்கூட்டர் ஓட்ட முடிவதில்லை போலிருக்கிறது. தலைக்கு மை, கையில் பழத்தட்டு. அக்கா வாசலில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் தயங்கினான். உள்ளே வந்து உட்கார்ந்து, "தம்பி கேட்டான் அண்ணி, தட்ட முடியல. நீங்களும் மனசார சொல்லணும்னு வந்தேன்" என்றான். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"மணையில உக்காருங்க, வேணான்னு சொல்லல" என்றேன். "ஒண்ணே ஒண்ணு. கல்யாணத்தன்னிக்கி சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க. அன்னிக்கி கூடத்துல இருந்தவங்கள்ல பாதிப் பேரு இன்னும் இருக்காங்க. மணையில உக்காரறதுக்கு முன்னாடி எழுந்து நின்னு, அண்ணி மேலயும் பொன்னுசாமி மேலயும் நான் சொன்னது பொய்னு சொல்லுங்க. அழ வேணாம். சொன்னா போதும்."

"அதெல்லாம் பழைய கதை அண்ணி. இத்தினி வருசம் ஆச்சி. யாருக்கு ஞாபகம் இருக்குது?"

"எனக்கு இருக்குது" என்றார்கள் அக்கா, வாசலிலிருந்து, முறத்தை நிறுத்தாமலே.

அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குரலைத் தாழ்த்தி, "பொய்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அது போதாதா? பொண்ணு வூட்டுக்காரங்க முன்னாடி என் மானம் இன்னாவறது?" என்றான்.

"நான் மானம் போயி நின்னப்போ உங்களது பத்தரமா இருந்திச்சி இல்ல? சபையில சொன்னத சபையிலதான் எடுக்கணும்."

"முடியாது அண்ணி."

"அப்ப மணையும் கெடையாது."

"பையன் என்னத்தான் கேட்டான்" என்றான் எழுந்துகொண்டே. "அவன்கிட்ட நான் எழுதறேன்" என்றேன். பழத்தட்டையும் கையோடு எடுத்துப் போகச் சொன்னேன். அவன் படி இறங்கும்போது அக்கா முறத்தை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். அவன் கண்ணுக்கு மறைகிறவரை அப்படியே நின்றார்கள்.

உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். அவன் முடியாது என்றபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்தால் நான் அவனை மன்னிக்க வேண்டி வந்திருக்கும். அதற்கு நான் தயாராக இல்லை. இந்தக் கோபத்தோடுதான் உன்னைப் படிக்க வைத்தேன், இதோடுதான் மறுபடி மலை ஏறினேன். இதை இறக்கி வைத்துவிட்டால் கையைக் காலை எங்கே வைப்பது என்று கூட எனக்குத் தெரியாது.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி எதுவும் இல்லை. வரப்போகிறவளைப் பற்றி யாராவது உன்னிடம் ஏதாவது சொல்வார்கள். அது நானாகக்கூட இருக்கலாம். அழுதுகொண்டே சொல்வார்கள், உன் நன்மைக்கு என்று சொல்வார்கள். அப்போது தரையைப் பார்க்காதே. அவள் முகத்தைப் பார்த்து அவளிடம் கேள். அவள் சொல்கிற பதிலை முழுக்கக் கேள். உன் தாத்தா கெட்டவர் இல்லை, தம்பி. கேட்காமல் இருந்தார், அவ்வளவுதான். அந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

இனிக் கல்யாண வேலையைச் சொல்கிறேன். பத்திரிகையில் உன் அப்பா பேருக்குக் கீழே என் பேரைப் போடு. மணையில் நான் உட்காருவேன். தாலி இழந்தவள் மேடை ஏறக்கூடாது என்று ஐயரோ, உன் அத்தைகளோ, பெண் வீட்டாரோ யாராவது சொன்னால், பதில் சொல்லிக்கொண்டு நிற்காதே, என்னிடம் அனுப்பு. எனக்குப் பக்கத்தில் உன் அப்பா இடம் காலியாகவே இருக்கட்டும். வெள்ளையம்மா அக்காவுக்கு வேன் சொல்லிவிடு, அவர்கள் என்னோடு மேடையில் நிற்பார்கள். இதில் எதுவும் உன்னால் முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடு, நான் இங்கிருந்தே ஆசீர்வாதம் பண்ணிக்கொள்கிறேன்.

முடியும் என்றால், மோகனுக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பாதே. நேரில் போ. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, உன் சித்தியையும் கூப்பிட்டு, முறையாக வை. முதல் வரிசையில், மேடைக்கு நேர் எதிரே நாற்காலி போடு. உடம்பு சரியில்லை, கடையில் ஆள் இல்லை என்று ஏதாவது சொல்வான். விடாதே.

அம்மா